தூளி கட்டத் தெரியுமா? கம்மி செலவில் ஹேமக் கேம்பிங்

நம்மில் தூளியில் தூங்காம வளர்ந்தவங்க ரொம்பக் கம்மி. அம்மாவோட பழைய நூல் சேலை, மேலே ஒரு உத்திரம் அல்லது கொக்கி, ஒரு முடிச்சு. அவ்வளவுதான் மொத்த செட்டப். இப்போ அதே விஷயம் ஹேமக் என்ற பெயரில், கலர் கலரா பைக்குள்ள சுருண்டு, ஆன்லைன்ல விக்குது. ஏலகிரி போறவங்க ஸ்டேட்டஸ்ல ரெண்டு மரத்துக்கு நடுவுல படுத்துக்கிட்டுப் போட்டோ போடுறாங்க. பார்க்கும்போது நமக்கும் ஆசை வருது. டென்ட் வாங்கக் காசு இல்லை, ஹேமக்னா சமாளிச்சிடலாம்னு தோணுது.

சமாளிக்கலாம். ஆனா எதுல காசு மிச்சம் பிடிக்கலாம், எதுல பிடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும். துணியில் மிச்சம் பிடிக்கலாம். கட்டுற பட்டையிலும், கட்டுற இடத்திலும் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஏன் அப்படின்னு முதல் வருஷ மெக்கானிக்ஸ் பாடமே சொல்லிடும்.

ஹேமக் நமக்குப் புதுசா இருக்கலாம், உலகத்துக்குப் பழசு. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்கள் பருத்தி நூலில் வலை பின்னி அதுல தூங்கினாங்க. அவங்க வெச்ச பேரு ஹமாக்கா. 1492-ல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸ் கூட்டம் அதைப் பார்த்து, பேரையும் சேர்த்து ஐரோப்பாவுக்குக் கொண்டு போனது. ஈரத் தரை, பூச்சி, பாம்பு இதெல்லாம் இருக்கிற வெப்பமண்டலத்தில் தரையை விட்டு மேலே தூங்குவதுதான் புத்திசாலித்தனம். வேலூர், ஆம்பூர் பக்கம் இருக்கிற நமக்கும் அதே கணக்குதான்.

தூளி வேற, ஹேமக் வேற

தூளி பெரும்பாலும் ஒரே புள்ளியில் தொங்கும். குழந்தை எடை 8 கிலோன்னா கொக்கியில் இறங்கும் சுமையும் கிட்டத்தட்ட 8 கிலோதான். நேரா கீழே இழுக்குது, பக்கவாட்டில் எதுவும் இல்லை.

ஹேமக் ரெண்டு புள்ளியில் தொங்கும். கயிறு சாய்வா போகுது. அதனால உங்க எடையைத் தாங்குற வேலையோட, ரெண்டு மரத்தையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்குற வேலையும் சேர்ந்துக்கும். லாமியின் தேற்றம் ஞாபகம் இருக்கா? அதையே இங்கே போட்டால் கிடைக்கிற சூத்திரம் இது:

ஒரு பக்கக் கயிற்றின் இழுவிசை = எடை ÷ (2 × சைன் கோணம்)

கோணம் என்பது கிடைமட்டத்திலிருந்து கயிறு எவ்வளவு சாய்ந்து மேலே ஏறுது என்பது. 70 கிலோ ஆள் ஒருத்தர் படுத்தால் ஒவ்வொரு பக்கமும் வரும் இழுவிசை:

45 டிகிரி: சுமார் 50 கிலோ
30 டிகிரி: 70 கிலோ
20 டிகிரி: சுமார் 102 கிலோ
10 டிகிரி: சுமார் 202 கிலோ
5 டிகிரி: சுமார் 400 கிலோ

பார்த்தீங்களா? கட்டில் மாதிரி நேரா, விறைப்பா இருக்கட்டும்னு இழுத்து இழுத்துக் கட்டினால், ஆள் எடை மாறாமலே கயிறு சுமப்பது ஆறு மடங்கு ஆகிடும். முதல் தடவை கட்டுறவங்க எல்லோரும் செய்ய நினைப்பது இதைத்தான், ஏன்னா தொய்வா இருந்தால் முதுகு வளையும்னு பயம். அந்த முதுகுப் பிரச்சினைக்கு வேற வழி இருக்கு, கீழே வரும்.

இலக்கு 30 டிகிரி. அளக்க புரோட்ராக்டர் வேண்டாம். பக்கவாட்டில் ஒரு அடி போனால் கயிறு ஏழு இன்ச் ஏறணும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தா போனில் கோணம் காட்டும் ஆப்பைக் கயிறு மேல வெச்சுப் பாருங்க.

இன்னொரு விஷயம். திடீர்னு விழும் சுமை, மெதுவா ஏற்றும் சுமையைப் போல ரெண்டு மடங்கு தகைவைக் கொடுக்கும்னு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்சிருப்போம். ஹேமக்ல "தொப்"னு உட்காருவது அதுதான். 30 டிகிரியில் 70 கிலோ, தொப்னு உட்கார்ந்தால் 140. அதுக்கு மேல பாதுகாப்புக் காரணி 5 வெச்சா 700 கிலோ. ஆக, நீங்க வாங்குற பட்டையும் கொக்கியும் அறுபடும் சுமை 700 கிலோவுக்கு மேல இருக்கணும். ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிற ஐடியா இருந்தா இந்தக் கணக்கை மறுபடி போடுங்க.

எதுல கட்டலாம், எதுல கூடாது

ஹாஸ்டல் மொட்டை மாடியில் ட்ரை பண்ணலாம்னு ஒரு ஐடியா வரும். கைப்பிடிச் சுவர், வாட்டர் டேங்க் செங்கல் தூண், கேட் தூண், துணி காயப்போடும் கம்பம் எல்லாம் கண்ணுல படும். தயவு செஞ்சு வேண்டாம். காரணம் இதோ.

30 டிகிரியில் 70 கிலோ ஆள் படுத்தால், ஒரு பக்கத்துக்குக் கிடைமட்ட இழுப்பு சுமார் 61 கிலோ. இதை 1.8 மீட்டர் உயரத்தில் கட்டினால், தூணைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் சுமார் 109 கிலோ மீட்டர். இப்போ 9 இன்ச்சுக்கு 9 இன்ச் செங்கல் தூண், அதே 1.8 மீட்டர் உயரம், எடை சுமார் 180 கிலோ வரும். தன் எடையால் அது எதிர்த்து நிற்கும் திறன் 180 × 0.115, அதாவது சுமார் 21 கிலோ மீட்டர். 109-க்கு எதிரா 21. மீதியைத் தாங்க வேண்டியது நடுவுல இருக்கிற சிமென்ட் பூச்சு மட்டும்தான். செங்கல் கட்டுமானம் அமுக்கத்தில் வலுவானது, இழுவையில் பலவீனமானது. தூண் விழுந்தால் எந்தப் பக்கம் விழும்? இழுக்கிற பக்கம். அங்கே படுத்திருப்பது நீங்க.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. 2020 ஜூனில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், செங்கல் தூணில் கட்டிய ஹேமக்கில் இருந்த அக்கா, தங்கை ரெண்டு சிறுமிகள் தூண் சாய்ந்து இறந்துபோனாங்க.

அதனால மரம்தான். எந்த மரம்?

புளி, மாமரம், வேம்பு மூணும் நம்ம பக்கத்துக்கு நல்ல தேர்வு. கட்டுற இடத்தில் தண்டு குறைந்தது 6 இன்ச் விட்டம் இருக்கணும், உயிரோட இருக்கணும், தட்டினால் உள்ளே பொத்தலா சத்தம் வரக் கூடாது. புளிய மரத்தில் பேய் இருக்குன்னு பாட்டி சொன்னது உங்க விருப்பம். ஆனா மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பு நிஜம். கூடு இருக்கான்னு அண்ணாந்து பார்த்துட்டுக் கட்டுங்க.

முருங்கை வேண்டவே வேண்டாம். ஏறினாலே முறியும்னு எல்லோருக்கும் தெரியும்.

தென்னை? போட்டோவுக்கு அழகு, தூங்க ஆபத்து. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரைக்கு வரும்போது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். மட்டை விழுந்தாலும் லேசு இல்லை. எந்த மரமா இருந்தாலும் தலைக்கு நேரா காய்ஞ்ச கிளை தொங்குதான்னு பார்ப்பது முதல் வேலை.

மெல்லிய நைலான் கயிற்றை நேரா மரத்தில் சுத்தாதீங்க. பட்டைக்கு அடியில்தான் மரத்தோட உணவு போகும் குழாய்கள் இருக்கு. மெல்லிய கயிறு அறுத்தால் மரத்துக்குச் சேதம், கயிற்றுக்கும் தேய்மானம். குறைந்தது ஒரு இன்ச் அகலப் பட்டை வேணும்.

2000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்

கீழே இருப்பது ஒரு திட்டம். விலை கடைக்குக் கடை மாறும், விகிதத்தை மட்டும் பாருங்க.

மரத்தில் கட்டும் பட்டையும் கொக்கியும்: 600
துணியும் தையலும்: 500
மழைக்கு மேலே விரிக்கும் தார்ப்பாய்: 350
கொசுவலை: 300
முதுகுக்கு அடியில் போடும் ஷீட்: 250

முதலில் பட்டை. பாலியெஸ்டர் பட்டை வாங்குங்க. நைலான் வலுவானதுதான், ஆனா சுமையில் நீளும், ஈரமானால் இன்னும் நீளும். ராத்திரி ஒன்றரை அடி உயரத்தில் படுத்தவர் காலையில் தரையில் முதுகு தேய்ச்சு எழுந்திருப்பார். ஆன்லைனில் ஹேமக்கு என்றே விற்கும் பட்டையில் வரிசையா வளையங்கள் தைச்சிருப்பாங்க, ரொம்ப வசதி. இல்லாட்டி லாரி சாமான் கடைகளில் லோடு கட்டும் பெல்ட் கிடைக்கும். அதில் எத்தனை கிலோ தாங்கும்னு லேபிள் தைச்சிருக்கும். லேபிள் இல்லாத பெல்ட்டை எடுக்காதீங்க. கொக்கிக்கு சாவிக் கொத்தில் மாட்டும் கலர் கொக்கி உதவாது. நல்ல கேரபைனரில் எத்தனை கிலோ நியூட்டன்னு உலோகத்திலேயே பொறிச்சிருக்கும். 1 கிலோ நியூட்டன் என்றால் சுமார் 102 கிலோ. 12 கிலோ நியூட்டன் போட்டிருந்தா தாராளம்.

துணிக்கு, குடைக்கும் பைக்கும் போடுற பாராசூட் துணி போதும். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். நீளத்துக்கு மேல கொஞ்சம் சேர்த்து வாங்கி, ரெண்டு முனையிலும் ரெண்டு இன்ச் மடிச்சு, பாவாடை நாடா கோக்கிற மாதிரி ஒரு குழாய் தைக்கச் சொல்லுங்க. ஒரு வரி தையல் போதாது, மூணு நாலு வரி வேணும். அதுக்குள்ள 8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிற்றைக் கோத்து, துணி முழுசும் கொசுவம் மாதிரி சுருங்கி ஒண்ணா வரும்படி இறுக்கி, எட்டு முடிச்சு போட்டு வளையமாக்கினால் முடிஞ்சது. முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை நல்லாவே குறையும், அதனாலதான் தடிச்ச கயிறு.

இங்கே நம்ம ஊரோட பலம் வருது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் தோல், ஷூ, பை வேலை தெரிந்தவங்க நிறைய. கனமான துணியைத் தைக்கும் மெஷின், தடிச்ச நைலான் நூல், இரும்பு வளையம், ஐலெட் எல்லாமே இந்த வேலைக்கான சாமான் கடைகளில் இருக்கும். சாதாரண ஜாக்கெட் தைக்கிற மெஷினில் திணறும் வேலையை பை தைக்கிறவர் பத்து நிமிஷத்தில் முடிச்சிடுவார். தார்ப்பாய் மூலையில் ஐலெட் அடிக்கவும் அவங்கதான்.

அப்போ பட்டையையே தோலில் செஞ்சுக்கலாமேன்னு கேட்காதீங்க. தோல் நனைஞ்சா நீளும், காய்ஞ்சா விறைக்கும், மடிப்பில் வெடிக்கும். எவ்வளவு தாங்கும்னு லேபிளும் கிடையாது. ஆனா கட்பீஸ் தோலுக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கு. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு துண்டை வெச்சா மரப்பட்டை உரியாது, உங்க பட்டையும் தேயாது. கயிறு உரசும் இடத்தில் சுத்தவும் அதே துண்டுதான்.

கட்டுற முறை

மரத்துக்கு மரம் 4 முதல் 4.5 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். அதாவது 13 முதல் 15 அடி.

பட்டையை மரத்தில் 5¾ அடி முதல் 6 அடி உயரத்தில் கட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒரே உயரம்.

ஹேமக்கின் ரெண்டு முனைக்கும் நடுவே, துணிக்கு மேலே, 2.5 மீட்டர் நீளத்தில் ஒரு கயிறு நிரந்தரமா கட்டிடுங்க. 3 மீட்டர் துணிக்கு இது சுமார் 83 சதவீதம். இந்தக் கயிறு இருந்தால் மரங்கள் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் துணியின் தொய்வு ஒரே மாதிரி இருக்கும். கொசுவலையைத் தொங்கவிடவும் இதே கயிறு. இதைக் கையால் அமுக்கினா லேசா வளையணும். வீணைத் தந்தி மாதிரி விறைச்சா பட்டையைத் தளர்த்துங்க.

படுத்த பிறகு நடுப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது நாற்காலி உயரம் இருந்தால் போதும். இதுக்கு மேலே தூக்கிக் கட்டினால் விழும் உயரம்தான் கூடும்.

உட்காரும்போது முதலில் கையால் அமுக்கிப் பாருங்க, அப்புறம் பாதி எடை, அப்புறம் முழு எடை. அடியில் கல், வேர், முளைக்குச்சி இருக்கக் கூடாது.

இப்போ முதுகு விஷயம். கயிற்றுக்கு நேரா, நீளவாக்கில் படுத்தால் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுதான் இருப்பீங்க. குறுக்கே, மூலைவிட்டமா படுங்க. தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். துணி விரிஞ்சு, உடம்பு கிட்டத்தட்ட சமதளமா வந்திடும். அகலத் துணி வாங்கச் சொன்னது இதுக்குத்தான். தொய்வா கட்டினாலும் முதுகு நேரா இருக்கும் ரகசியம் இவ்வளவுதான்.

குளிர், கொசு, மழை

வேலூர் வெயிலில் வளர்ந்தவங்களுக்குக் குளிர் ஒரு விஷயமான்னு தோணும். ஏலகிரி சுமார் 1100 மீட்டர் உயரம், ஆம்பூர் சுமார் 300 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும்னு வெச்சா, அதே ராத்திரி ஏலகிரியில் ஐந்து டிகிரி கம்மி. மார்கழியில் அது நல்லாவே தெரியும். தரையில் குளிர் கீழேருந்து ஏறும், ஹேமக்கில் காற்று முதுகுக்கு அடியில் ஓடி சூட்டை எடுத்துட்டுப் போகும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் அடியில் போர்வை நசுங்கிக் காற்று இல்லாம போயிடும், அதனால பிரயோஜனம் இல்லை.

தீர்வு மறுபடி நம்ம ஊர்லயே. செருப்பு சோலுக்குப் போடுற ஈ.வி.ஏ. ஷீட், உள்ளே மூடிய காற்றறைகள் கொண்ட ஃபோம். தண்ணி உறிஞ்சாது, நசுங்காது, சூட்டைக் கடத்தாது. யோகா மேட்டும் நிறைய இதே பொருள்தான். தோள் அகலத்துக்கு ஒரு துண்டு முதுகுக்கு அடியில் போட்டால் போதும். கோடையில் ஷீட்டை எடுத்துட்டா அதே காற்று ஏ.சி. மாதிரி வேலை செய்யும்.

கொசு துணி வழியாவும் கடிக்கும், முக்கியமா முதுகுப் பக்கம். வலை மேலே மட்டும் இல்லாம ஹேமக்கை முழுசா சுத்தி அடியில் சேரணும்.

மழை பெய்தால் தண்ணி தார்ப்பாயில் விழுவதை விட, மரத்திலிருந்து பட்டை வழியா வழிந்து உங்ககிட்ட வரும். பட்டையில், தார்ப்பாய்க்கு உள்பக்கமா ஒரு பருத்திக் கயிற்றுத் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்க. தண்ணி அது வழியா கீழே சொட்டிடும்.

இடி மின்னலுக்கு மட்டும் டிரிக் கிடையாது. மரத்தடியில் மின்னல் சமயத்தில் இருக்கவே கூடாது. கோடை மழை மாதங்களில் சாயங்காலம் வானம் கறுத்தால் கழட்டிட்டு கட்டடத்துக்குள்ள போயிடுங்க. புனே ஐ.ஐ.டி.எம். நிறுவனத்தின் தாமினி ஆப் சுற்றுவட்டார மின்னலைக் காட்டும், இலவசம்.

எங்கே போகலாம்?

இதுதான் நிறைய பேர் யோசிக்காத கேள்வி. ஜவ்வாது மலையில் நல்ல மரம் இருக்கு, ஆள் இல்லை, போய்க் கட்டிடலாம்னு கிளம்ப முடியாது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாம நுழைவது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஜவ்வாது சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. ராத்திரி டார்ச்சும் கயிறுமா காட்டுக்குள் நின்னா வனத்துறைக்கு நீங்க சுற்றுலாப் பயணியா தெரிய மாட்டீங்க.

சட்டம் மட்டும் காரணம் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவங்க காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநில அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024-ல் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செஞ்சு, வழிகாட்டியோட போகலாம். ஏலகிரியும் அதில் உண்டு. ஆனா அது பகல் நடைக்கு, காட்டில் தூங்குவதற்கு இல்லை. கேரளாவில் 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், காட்டோரத் தங்குமிடம் ஒன்றின் டென்ட்டில் தங்கிய பெண் யானை தாக்கி இறந்தார். துணிச்சுவர் யானைக்குச் சுவரே இல்லை. ஹேமக்குக்கு அந்தச் சுவரும் கிடையாது.

அதனால மாணவர்களுக்குச் சரியான இடம், தெரிஞ்சவங்க மாந்தோப்பு, அல்லது மரங்கள் உள்ள ஏலகிரி தங்கும் விடுதியின் வளாகம். வகுப்பில் யாராவது ஒருத்தர் வீட்டில் குடியாத்தம் பக்கமோ திருப்பத்தூர் பக்கமோ நிலம் இருக்கும். தோப்புக்காரர்கிட்ட அனுமதி கேட்கும்போது இந்த நாலு கேள்வியையும் கேளுங்க:

"அண்ணா, கிணறு எங்க இருக்கு? சுவர் கட்டியிருக்கா?" நம்ம பக்கம் தரைமட்டத் திறந்த கிணறு நிறைய. ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தவருக்கு அது தெரியாது.

"பக்கத்து நிலத்துல பன்றிக்கு கரன்ட் வேலி போட்டிருக்காங்களா?" சட்டவிரோதம்தான், ஆனாலும் போடுறவங்க இருக்காங்க. இருட்டில் வரப்பில் நடக்காதீங்க.

"யானை வருமா?" ஆந்திர எல்லையில் இருக்கும் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்க வயல்களுக்கு யானை வருவதுண்டு. வரும்னு சொன்னா வேற இடம் பாருங்க.

"மருந்து அடிச்சிருக்கீங்களா?" பூச்சிமருந்து தெளிச்ச மரத்தடியில் தூங்க வேண்டாம்.

நெருப்பு மூட்டாதீங்க. மாசி முதல் வைகாசி வரை சருகு ஒரு பொறிக்குக் காத்துக்கிட்டு இருக்கும். சமையலுக்குக் கவலை வேண்டாம், ஆம்பூரில் இறங்கினால் பிரியாணி பார்சலும் கத்தரிக்காயும் கிடைக்கும். சாப்பிட்ட இலை, எலும்பு, கவர் எல்லாம் திரும்பப் பைக்குள்ள.

தண்ணியும் காய்ச்சலும்

தண்ணி வீட்டிலிருந்து கொண்டு போங்க. பாலாற்றுப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், உப்பும் குரோமியமும் போகாது. தோல் பதனிடும் கழிவால் இங்கே நிலத்தடி நீர் கெட்டது பற்றித்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் 'வேலூர் குடிமக்கள் நலமன்றம்' வழக்கில் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே செலவை ஏற்கணும் என்ற கொள்கைக்கு நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

கடைசியா, அதிகம் பேசப்படாத ஒண்ணு. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் நம்ம மாவட்டங்களில் சகஜம், குறிப்பா மழைக்காலம் முடிந்து குளிர் வரும் மாதங்களில். புல், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணிப்பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இதில் பல வருஷமா ஆராய்ச்சி செய்யுது. தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு எந்த மருந்துமுறை சிறந்தது என்று அவங்க தலைமையில் இந்தியாவில் நடந்த ஆய்வு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது.

தரையில் பாய் விரிச்சுப் படுப்பதை விட ஹேமக் இங்கே நிஜமாவே நல்லது, ஏன்னா ராத்திரி முழுக்கப் புல்லில் உடம்பு படாது. ஆனா முழுப் பாதுகாப்பு இல்லை. புல்லில் உட்காராதீங்க, ஈரத் துணியைப் புதரில் காயப்போடாதீங்க, முழுக்கால் பேன்ட் போடுங்க. ஷூவைத் தரையில் விடாம பட்டையில் தொங்கவிடுங்க, போடும் முன் உதறுங்க. போயிட்டு வந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கிட்டு இன்டர்னல் எழுதப் போகாதீங்க. உடம்பில் சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. அது அக்குள், தொடை இடுக்கு மாதிரி மறைவான இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டாக்டர்கிட்ட "தோப்புல தங்கினேன்"னு நீங்களா சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மாத்திரையில் சரியாகும், விட்டா நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். பாம்பு கடிச்சா கட்டுப் போடாம, வெட்டாம, உடனே 108.

எப்படித் தொடங்குவது

முதல் வாரம், காலேஜ் வளாகத்தில் அனுமதியோட ஒரு பகல் மட்டும். கட்டுங்க, கோணம் அளங்க, ஒரு மணி நேரம் குறுக்கே படுத்துப் பாருங்க. பட்டை எவ்வளவு நீளுதுன்னு குறிச்சுக்கோங்க. ரெண்டாவது வாரம், தெரிஞ்ச தோப்பில் மதியம் முதல் ராத்திரி ஒன்பது மணி வரை, கொசுவலையும் தார்ப்பாயும் போட்டு. மூணாவது தடவைதான் முழு ராத்திரி. குறைஞ்சது மூணு பேர், பக்கத்தில் ஓடி நுழைய ஒரு பம்ப்செட் ரூமாவது இருக்கணும், எங்க இருக்கோம்னு வீட்டுக்கும் வார்டனுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

மூணு பேருக்கு மூணு செட் முதல்லயே வாங்க வேண்டாம். ஒரு செட் வாங்கி மாத்தி மாத்தி ட்ரை பண்ணுங்க. சிலருக்கு ஹேமக்கில் தூக்கமே வராது, அது வாங்கும் முன்னாடி தெரிஞ்சா 2000 ரூபாய் மிச்சம். தூக்கம் வந்தவங்க துணி எடுக்க ஆம்பூர் பஸ் ஏறுங்க. பட்டை லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க.